இலண்டன் தமிழரின் வீட்டு மொழியும் ஆங்கிலமும்

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2011 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டிலேதான், 'உமது பிரதான மொழி எது?' என்ற கேள்வி முதன்முறையாக எல்லோரிடமும் கேட்கப்பட்டது. ஏறத்தாழ ஒரு இலட்சம் பேர் தமிழ் என்றனர். 2021 இல் அத்தொகை 1 இலட்சத்து 25 ஆயிரத்தைத் தாண்டியது. இவர்களுள் தமிழகத்தவரும் உளர். எனினும் இலங்கைத் தமிழரின் கல்வி வரலாற்றை ஒதுக்கிவிட்டு இவ்வெண்களை விளங்கிக்கொள்ள முடியாது.

முதலிற் சென்றோர் ஆங்கிலத்தோடு சென்றோர். 1823 இல் அமெரிக்க மிஷனரிமார் வட்டுக்கோட்டையில் செமினறியைத் தொடங்கிய காலந்தொட்டு, யாழ்ப்பாணத்தில் ஆங்கிலம் உத்தியோகத்துக்குரிய மொழியாக வேரூன்றியது. தனிச் சிங்களச் சட்டம் 1956 இல் நிறைவேறிய பின்னர் இலண்டனை நாடிய வைத்தியர்களும் பொறியியலாளர்களும் கணக்காளர்களும் அம்மரபில் வந்தவர்கள். பிள்ளைகளோடு வீட்டிலும் ஆங்கிலமே பேசிய குடும்பங்கள் அவர்களிடையே உண்டு.

1983 ஜூலை வன்செயல்களின் பின்னர் அகதிகளாகச் சென்றோரின் நிலை வேறு. அவர்கள் தமிழ்மொழி மூலம் கற்ற தலைமுறையினர். ஆங்கிலம் அவர்களுக்குப் பாடங்களுள் ஒன்று, அவ்வளவே. சுயமொழிக் கல்வியைச் சிங்களத் தலைவர்கள் மட்டும் கேட்கவில்லை என்பதையும் இங்கே சொல்லவேண்டும். ஹன்டி பேரின்பநாயகம் முன்னின்ற யாழ்ப்பாண இளைஞர் காங்கிரஸும் அதற்காகக் குரல் கொடுத்தது. அக்கோரிக்கை நியாயமானதே. அந்தக் கல்வியைப் பெற்ற பிள்ளைகள் ஒருநாள் ஈஸ்ட்ஹாமிலும் ஹரோவிலும் வாழ நேருமென அன்று யார்தான் எண்ணியிருப்பர்?

ஆகவே சமூகம் பெருகப் பெருக, ஆங்கிலம் அறியாதோரும் அதனுள் பெருகினர். தமிழோ கடைப் பலகைகளிலும் கோயில்களிலும் வார இறுதிப் பாடசாலைகளிலும் தழைத்தது. பின்னர் ஜெர்மனி, பிரான்ஸ், நெதர்லாந்து ஆகிய நாடுகளிற் குடியுரிமை பெற்ற குடும்பங்களும் இலண்டனுக்கு இடம்பெயர்ந்தன. அவற்றின் பிள்ளைகள் தாயோடு தமிழிலும் தம்முள் ஜெர்மன் அல்லது பிரெஞ்சிலும் பேசினர்.

இந்தப் பன்மொழி வீட்டைக் குடிசன மதிப்பீட்டுப் படிவம் காணவில்லை. அதில் ஒருவருக்கு ஒரு மொழிதான். ஆங்கிலத்தைப் பிரதான மொழியெனக் குறித்தவரிடம் வேறு மொழி தெரியுமா என்று கேட்பதில்லை. வேறு மொழியைக் குறித்தவரிடம் மட்டுமே ஆங்கிலம் மிக நன்றாக, நன்றாக, குறைவாகப் பேசுவாரா, அல்லது பேசவே மாட்டாரா எனக் கேட்கப்படுகிறது. அப்பம்மா தமிழ் என்கிறார். ஆங்கிலம் பேசவே மாட்டார். தாயும் தமிழ் என்கிறார், ஆங்கிலம் குறைவு. பாடசாலை செல்லும் மகனுக்கு ஆங்கிலம் எனக் குறிக்கப்படுகிறது. வைத்தியரிடமும் நகரசபை அலுவலகத்திலும் அப்பம்மாவுக்கு மொழிபெயர்ப்பவன் அவனே. அவனுடைய தமிழ் எந்த அட்டவணையிலும் இல்லை.