நல்ல சமாரியர் உவமை

நல்ல சமாரியர் உவமை என்பது பிறரன்பு குறித்து இயேசு கூறிய உவமைகளுள் ஒன்றாகும். இது விவிலியத்தின் புதிய ஏற்பாட்டில் லூக்கா நற்செய்தியில் மட்டும் (10:25-37) காணப்படுகிறது. கள்வரால் தாக்கப்பட்டு வழியில் கிடந்த ஒருவருக்கு, யூதர்கள் பகைவராகக் கருதிய சமாரியர் ஒருவர் உதவியதை இக்கதை கூறுகிறது.

பின்னணி

நிலைவாழ்வு பெற என்ன செய்ய வேண்டும் என்று திருச்சட்ட அறிஞர் ஒருவர் இயேசுவிடம் கேட்டார். திருச்சட்டம் என்ன சொல்கிறது என்று இயேசு திருப்பிக் கேட்க, அவர் இரு கட்டளைகளைக் கூறினார். ஒன்று கடவுளை முழுமையாக அன்பு செய்தல் (இணைச் சட்டம் 6:5). மற்றது தன்னைப் போலவே அடுத்திருப்பவரையும் அன்பு செய்தல் (லேவியர் 19:18). விடை சரியே என்று இயேசு ஏற்றார். அப்போது அறிஞர், தனக்கு அடுத்திருப்பவர் யார் என்று மீண்டும் வினவினார்.

இவ்வினா பொருளற்றதன்று. லேவியர் நூலின் அக்கட்டளை சொந்த மக்களைக் குறித்தே பேசுகிறது. அதே அதிகாரத்தின் 34ஆம் வசனம் உடன் வாழும் அன்னியரையும் சேர்த்துக்கொள்கிறது. எனவே அன்பின் எல்லை எங்கே முடிகிறது என்பதே அறிஞர் எழுப்பிய சிக்கலாகும். அதற்கு விடையாக இயேசு இவ்வுவமையைக் கூறினார்.

கதைச் சுருக்கம்

எருசலேமிலிருந்து எரிகோவுக்குச் சென்ற ஒருவரைக் கள்வர் தாக்கி, ஆடைகளைப் பறித்துக்கொண்டு, குற்றுயிராக விட்டுச் சென்றனர். இவ்விரு நகரங்களுக்கும் இடையே ஏறத்தாழ 27 கி.மீ. தொலைவு உள்ளது. பாலை நிலத்தின் வழியே செல்லும் இப்பாதை ஏறக்குறைய 1,000 மீட்டர் இறங்குகிறது.

அவ்வழியே வந்த குரு ஒருவரும், பின்னர் வந்த லேவியர் ஒருவரும் அவரைக் கண்டும் விலகிச் சென்றனர். மூன்றாவதாக வந்த சமாரியர் இரக்கம் கொண்டு, காயங்களில் எண்ணெயும் திராட்சை மதுவும் வார்த்துக் கட்டினார். தம் விலங்கின்மீது ஏற்றிச் சத்திரத்திற்குக் கொண்டுபோய்க் கவனித்துக்கொண்டார். மறுநாள் சத்திரப் பொறுப்பாளரிடம் இரண்டு தெனாரியம் கொடுத்து, மேலும் செலவானால் திரும்பி வரும்போது தருவதாகக் கூறினார். ஒரு தெனாரியம் என்பது அக்காலத்தில் கூலியாள் ஒருவரின் ஒரு நாள் ஊதியமாகும்.

யூதரும் சமாரியரும்

சமாரியர் மோசேயின் ஐந்து நூல்களை மட்டுமே மறைநூலாக ஏற்பவர்கள். எருசலேமுக்குப் பதிலாகக் கெரிசிம் மலையைத் திருத்தலமாகக் கொண்டவர்கள். அம்மலையிலிருந்த அவர்களது கோவிலை யூத ஆட்சியாளர் யோவான் இர்க்கான் கி.மு. 2ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அழித்தார். பகை இரு பக்கமும் இருந்தது. லூக்கா நற்செய்தியின் முந்தைய அதிகாரத்திலேயே சமாரிய ஊர் ஒன்று இயேசுவை ஏற்க மறுத்ததும், அவ்வூரை அழிக்கச் சீடர் இருவர் அனுமதி கேட்டதும், இயேசு அவர்களைக் கண்டித்ததும் கூறப்பட்டுள்ளன.

அன்புக் கட்டளை அடங்கிய லேவியர் நூல் இரு சமூகத்தாருக்கும் பொதுவான மறைநூல் என்பது இங்கு கருதத்தக்கது.

விளக்கங்கள்

குருவும் லேவியரும் பிணத்தைத் தொட்டால் தீட்டு என அஞ்சி விலகினர் என்று சிலர் விளக்குவர். ஆனால் உவமையில் அவ்வாறு கூறப்படவில்லை. அடிபட்டவர் உயிருடன் இருந்தார். மேலும் கவனிப்பாரற்ற பிணத்தைத் தலைமைக் குருவே அடக்கம் செய்யலாம் என்று யூதச் சட்டத் தொகுப்பான மிசுனா கூறுகிறது.

உவமையின் முடிவில் இயேசு, இம்மூவருள் யார் அடிபட்டவருக்கு அடுத்திருப்பவர் ஆனார் என்று கேட்கிறார். அன்பைப் பெறத் தகுதியுடையவர் யார் என்ற வினா, அன்பு காட்டுபவர் யார் என்று மாறிவிடுகிறது. சமாரியர் என்று சொல்லாமல், இரக்கம் காட்டியவரே என்று அறிஞர் விடையளிக்கிறார். அவ்வாறே செய்யுமாறு இயேசு அவரைப் பணிக்கிறார்.

தமிழ் மொழிபெயர்ப்புகள்

கிரேக்க மூலத்தில் உள்ள 'பிளேசியோன்' என்னும் சொல் அருகில் இருப்பவரைக் குறிக்கும். இதனைச் சீர்திருத்தச் சபையினரின் பழைய மொழிபெயர்ப்பு 'பிறன்' என்றும், 1995இல் வெளியான திருவிவிலியம் 'அடுத்திருப்பவர்' என்றும் தருகின்றன. ஒன்று வேறுபாட்டையும் மற்றது நெருக்கத்தையும் சுட்டுகின்றது. பிறனாக இருந்தவர் அடுத்திருப்பவராக மாறுவதே இவ்வுவமை எனலாம்.

தாக்கம்

மார்ட்டின் லூதர் கிங் 1968 ஏப்ரல் 3 அன்று மெம்பிசு நகரில், வேலைநிறுத்தம் செய்த துப்புரவுத் தொழிலாளர்களுக்கு ஆதரவாக ஆற்றிய உரையில் இவ்வுவமையை விளக்கினார். நின்றால் தனக்கு என்ன நேரும் என்று முதலிருவர் எண்ணியிருக்கலாம் என்றும், நிற்காவிட்டால் அவருக்கு என்ன நேரும் என்றே சமாரியர் எண்ணினார் என்றும் அவர் கூறினார். மறுநாள் அவர் சுட்டுக்கொல்லப்பட்டார்.

1973இல் டார்லி, பேட்சன் ஆகிய உளவியலாளர்கள், பிரின்சுடன் இறையியல் மாணவர்கள் 40 பேரிடம் நடத்திய ஆய்வை வெளியிட்டனர். மிகுந்த அவசரத்தில் இருந்தவர்களில் 10 விழுக்காட்டினரும், அவசரம் குறைந்தவர்களில் 63 விழுக்காட்டினரும் வழியில் துன்புற்றவருக்கு உதவினர். இவ்வுவமையைப் பற்றியே பேசச் சென்றுகொண்டிருந்ததும் குறிப்பிடத்தக்க வேறுபாட்டை உண்டாக்கவில்லை.

விபத்தில் சிக்கியவருக்கு உதவுவோரைச் சட்டத் தொல்லைகளிலிருந்து காக்கும் சட்டங்கள் பல நாடுகளில் நல்ல சமாரியர் சட்டங்கள் எனப்படுகின்றன. இந்தியாவில் 2019ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் 134அ பிரிவின் மூலம் இப்பாதுகாப்பை வழங்கியது.