கல்லீரல் திரும்ப வளரும்தான்... ஆனால் எப்போது வளராமல் போகும்?

"காய்ச்சலா? ரெண்டு பாரசிட்டமால் போட்டுட்டுத் தூங்கு."

வீட்டில் அடிக்கடி காதில் விழும் வசனம். சரியான அளவில் எடுத்துக்கொண்டால் பெரும்பாலோருக்கு அது பாதுகாப்பான மருந்துதான்.

ஆனால் அளவு மீறினால் அது முதலில் பதம் பார்ப்பது கல்லீரலை.

"அட, கல்லீரல்தான் திரும்ப வளருமே, அப்புறம் என்ன கவலை?" என்று கேட்கிறீர்களா?

வளரும். ஆனால் அந்த வளர்ச்சிக்குத் தடை போடும் ஒரு புரதமும் நம் உடலிலேயே இருக்கிறது. அதன் உண்மையான வேலையைக் கண்டறிந்ததில் சிங்கப்பூர் ஆய்வாளர்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

கல்லீரல் எப்படி வளர்கிறது?

பல்லியின் வால் அறுந்தால் அதே இடத்தில் புது வால் முளைக்கும். கல்லீரல் அப்படியில்லை.

வெட்டி எடுத்த பகுதி திரும்ப முளைக்காது. மிச்சமிருக்கும் பகுதிதான் பெருத்துப் பழைய எடைக்கு வருகிறது. அங்குள்ள உயிரணுக்கள் பெரிதாகின்றன, இரண்டாகப் பிரிந்து பெருகுகின்றன.

1931இல் அமெரிக்காவின் மாயோ மருத்துவ நிலையத்தைச் சேர்ந்த ஹிக்கின்ஸ், ஆண்டர்சன் இருவரும் எலிகளின் கல்லீரலில் மூன்றில் இரண்டு பங்கை அகற்றிப் பார்த்தனர். இந்த முறையில் எலியின் கல்லீரல் சுமார் 7 முதல் 10 நாளில் பழைய எடையை எட்டிவிடுகிறது. இன்றும் ஆய்வுக்கூடங்களில் அதே முறை பயன்படுகிறது.

உயிரோடு இருக்கும் ஒருவர் தம் கல்லீரலில் பாதிக்கு மேல்கூட தானம் செய்ய முடிவதற்கும் இதுவே காரணம். கொடுத்தவரிடம் எஞ்சியதும் வளரும், வாங்கியவரிடம் சேர்ந்ததும் வளரும்.

அடிபடாதபோதும் கல்லீரல் சும்மா இருப்பதில்லை. ஜெர்மனியின் டிரெஸ்டன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் தலைமையிலான குழு 2022இல் வெளியிட்ட ஆய்வின்படி, உங்களுக்கு 20 வயதானாலும் சரி, 80 வயதானாலும் சரி, உங்கள் கல்லீரலின் சராசரி வயது 3 ஆண்டுக்கும் குறைவு!

மாத்திரை எப்படி நஞ்சாகிறது?

நாம் விழுங்கும் பாரசிட்டமாலில் பெரும்பகுதியைக் கல்லீரல் தீங்கில்லாத பொருளாக மாற்றி வெளியேற்றிவிடும்.

ஒரு சிறு பகுதி மட்டும் நச்சுப்பொருளாக மாறும். வழக்கமாக அதுவும் பிரச்சினையில்லை. கல்லீரலில் இருக்கும் குளுட்டாதயோன் என்ற பொருள் அந்த நஞ்சைப் பிடித்துச் செயலிழக்கச் செய்துவிடும்.

மருந்தின் அளவு கூடினால் நஞ்சும் கூடும். குளுட்டாதயோன் கையிருப்பு தீர்ந்துபோகும். அப்போது நஞ்சு கல்லீரல் உயிரணுக்களின் புரதங்களோடு ஒட்டிக்கொண்டு அவற்றைக் கொல்லத் தொடங்கும்.

சிகிச்சை இல்லையா?

இருக்கிறது. அசெட்டில்சிஸ்டீன் என்ற மருந்து குளுட்டாதயோனை மீண்டும் நிரப்ப உதவும். அளவுக்கு மீறி மருந்து உட்கொண்ட 8 மணி நேரத்துக்குள் கொடுத்தால் மிக நன்றாக வேலை செய்யும். தாமதமானாலும் கொடுப்பார்கள். ஆனால் பலன் குறையும்.

சிக்கல் என்ன தெரியுமா? முதல் நாளில் பெரிதாக ஒன்றும் தெரியாது. லேசான குமட்டல், சோர்வு, அவ்வளவுதான். சிலருக்கு அதுகூட இருக்காது. "நல்லாத்தானே இருக்கேன்" என்று வீட்டிலேயே இருந்துவிடுவார்கள். உள்ளே கல்லீரல் அழிந்துகொண்டிருக்கும்.

தாமதமாக வருபவர்களை எப்படிக் காப்பாற்றுவது என்பதுதான் ஆய்வாளர்களின் கேள்வி.

சிங்கப்பூர் ஆய்வில் என்ன தெரியவந்தது?

காயம்பட்ட கல்லீரல் 'இன்டர்லூக்கின்-11' என்ற புரதத்தைச் சுரக்கிறது. அது கல்லீரலைக் காக்கும் புரதம் என்றே முன்பு நம்பப்பட்டது. மனிதரின் இன்டர்லூக்கின்-11ஐச் சுண்டெலிகளுக்குச் செலுத்தியபோது கல்லீரல் பாதிப்பு குறைந்ததே அதற்குக் காரணம்.

டியூக்-என்யுஎஸ் மருத்துவக் கல்லூரி, சிங்கப்பூர்த் தேசிய இருதய நிலையம் ஆகியவற்றின் ஆய்வாளர்கள் 2021இல் வெளியிட்ட ஆய்வு அந்த நம்பிக்கையைத் தலைகீழாக்கியது.

வேறு வீட்டுச் சாவியை நம் வீட்டுப் பூட்டுக்குள் நுழைத்தால் என்ன ஆகும்? பூட்டு திறக்காது. சரியான சாவியையும் உள்ளே விட முடியாது.

அதேதான் நடந்திருக்கிறது. மனிதரின் புரதம் சுண்டெலியின் உயிரணுவில் மாட்டிக்கொண்டு, சுண்டெலியின் சொந்தப் புரதத்தை வேலை செய்யவிடாமல் தடுத்திருக்கிறது. கல்லீரலைக் காத்தது அந்தப் புரதம் அல்ல, அதற்கு விழுந்த தடை!

உண்மையில் இன்டர்லூக்கின்-11 கல்லீரல் உயிரணுக்கள் சாவதைத் தூண்டுகிறது, மறுவளர்ச்சியையும் முடக்குகிறது.

பாரசிட்டமால் நஞ்சேறிய சுண்டெலிகளுக்கு, 10 மணி நேரம் கழித்துக்கூட அந்தப் புரதத்தைத் தடுக்கும் எதிர்ப்பொருளைக் கொடுத்தபோது கல்லீரல் மீண்டும் வளரத் தொடங்கியது.

ஒன்றை மறந்துவிடக் கூடாது. இது சுண்டெலிகளில் கிடைத்த முடிவு. மனிதருக்கும் அப்படியே பலிக்கும் என்று இதை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது.

மெதுவாக வரும் பாதிப்பு?

மதுபானம், கொழுப்பு, ஹெப்பட்டைட்டிஸ் பி கிருமி ஆகியவை கல்லீரலை ஆண்டுக்கணக்கில் சிறுகச் சிறுகக் காயப்படுத்துகின்றன. ஒவ்வொரு முறையும் காயம் ஆறும்போது வடு விழுகிறது. வடு கூடக் கூடக் கல்லீரல் இறுகி, வளரும் ஆற்றலை இழக்கிறது. முற்றிய நிலைதான் 'சிரோசிஸ்'.

காரணத்தை அகற்றினால் வடுவும் ஓரளவு குறையக்கூடும். ஹெப்பட்டைட்டிஸ் பி நோயாளிகள் 5 ஆண்டு தொடர்ந்து மருந்து எடுத்துக்கொண்ட ஆய்வில் பலருக்கு வடு குறைந்தது.

வருமுன் காப்பது இன்னும் நல்லது. சிங்கப்பூரில் பிறக்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் ஹெப்பட்டைட்டிஸ் பி தடுப்பூசி போடும் திட்டம் 1987இல் தொடங்கியது.

சரி, நாம் என்ன செய்யலாம்?

- பெரியவர்கள் 24 மணி நேரத்தில் 4 கிராமுக்கு மேல் பாரசிட்டமால் எடுக்கக் கூடாது. 500 மில்லிகிராம் மாத்திரை என்றால் 8. அதுதான் உச்சவரம்பு, இலக்கு அல்ல!

- எடை குறைந்தவர்கள், கல்லீரல் நோய் உள்ளவர்கள், அடிக்கடி மது அருந்துபவர்கள் முதலில் மருத்துவரைக் கேளுங்கள். அவர்களுக்கு அளவு இன்னும் குறையலாம்.

- சளி, இருமல் மருந்துகள் பலவற்றிலும் பாரசிட்டமால் இருக்கும். மாத்திரையோடு அதையும் சேர்த்துக் குடித்தால் தெரியாமலேயே அளவு கூடிவிடும். பெட்டியில் எழுதியிருப்பதைப் படிங்க. 'அசெட்டமினோஃபென்' என்று இருந்தாலும் அதே மருந்துதான்.

- பிள்ளைகளுக்கு அளவு அவர்களின் எடையைப் பொறுத்தது. கண்ணால் பார்த்து ஊற்ற வேண்டாம்.

- அளவு மீறிவிட்டதா? வாந்தி வரட்டும், வலிக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். உடம்பு நன்றாக இருப்பதுபோல் தோன்றினாலும் உடனே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். சிங்கப்பூரில் 995, மலேசியாவில் 999 என்ற எண்ணை அழைக்கலாம்.

கல்லீரல் திரும்ப வளரும். ஆனால் அதற்கு நேரம் வேண்டும், உயிரோடு மிஞ்சிய உயிரணுக்களும் வேண்டும். முதல் 8 மணி நேரம் அவ்வளவு முக்கியமாவது அதனால்தான்.