அவுரி தந்த நீலமும் தார் தந்த நீலமும்

நெய்வேலி டவுன்ஷிப் பக்கம் போனால், ஷிப்டு முடிஞ்சு வர்ற பிள்ளைகளைப் பாருங்க. பல பேர் காலில் நீல ஜீன்ஸ்தான் இருக்கும். அந்த நீலத்துக்கும் நம்ம மண்ணுக்கும் ஒரு பழைய கணக்கு உண்டு. அதைத்தான் இன்றைக்குச் சொல்ல வந்தேன்.

நெய்வேலி அன்றைக்குத் தென்னார்க்காடு ஜில்லா. சென்னை மாகாணத்தில் அவுரிக்குப் பெயர்போன ஜில்லாக்களில் அதுவும் ஒன்று. நீலி என்கிறோமே, அந்தச் செடிதான். பச்சைச் செடியை அறுத்து, தொட்டியில் அடுக்கி, தண்ணீர் விட்டு ஊறப் போடுவார்கள். ஒரு ராப்பொழுது ஊறினால் சாறு இறங்கிவிடும். அதை அடுத்த தொட்டிக்கு வடித்து, ஆட்கள் இறங்கி அடிப்பார்கள். காற்றுப் பட்டதும் பச்சைத் தண்ணீர் நீலமாகும். அடியில் தங்கும் வண்டலைக் காய்ச்சி, வடிகட்டி, அழுத்திக் காயவைத்தால் நீலக்கட்டி. பாண்டிச்சேரிப் பக்கம் சாயமேறிய நீலத்துணி கப்பலேறி ஆப்பிரிக்காவில் செனகல் வரைக்கும் போனது.

சரி, மிச்சம் என்ன ஆச்சு? ஊறிய தழை வயலுக்கு எருவாகப் போனது. அவுரி பயறு இனம். வேர் முடிச்சிலே தழைச்சத்தைச் சேர்த்து வைக்கும். ஆக, துணிக்கு நிறம் கொடுத்த செடி மண்ணுக்கும் சோறு போட்டது. குப்பை என்று ஒதுக்க ஒன்றுமில்லை.

அதற்காக அந்தக் காலம் எல்லாமே பொற்காலம் என்று நினைச்சுடாதீங்க. வங்காளத்தில் அவுரி போடச் சொல்லித் துரைமார் செய்த கொடுமை தாங்காமல் 1859-இல் குடியானவர்கள் எழுந்தார்கள். பீகாரில் சம்பாரண் விவசாயி 20 பங்கு நிலத்தில் 3 பங்கு அவுரி போட்டே ஆகணும் என்று கட்டாயம். 1917-இல் காந்தியடிகள் போனதும் அதற்காகத்தான்.

இதற்கு நடுவில் இன்னொன்று நடந்தது. 1856-இல் லண்டனில் பெர்கின் என்ற இளைஞர், நிலக்கரித் தாரிலிருந்து மலேரியா மருந்து செய்யப் பார்த்தார். கிடைத்தது ஊதாச் சாயம். 1897-இல் ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எப். கம்பெனி, தாரிலிருந்தே நீலத்தைச் செய்து விற்க ஆரம்பித்தது. அந்த வருஷம் உலகத்தில் செடியிலிருந்து எடுத்த நீலம் சுமார் 19,000 டன். 1914-இல் அது 1,000 டன்னாகச் சுருங்கிவிட்டது. இன்றைய ஜீன்ஸில் இருப்பதும் பெரும்பாலும் இப்படி ஆலையில் செய்த நீலம்தான். பெர்கினுக்குச் சரியாக 100 வருஷம் கழித்து, 1956-இல் நம்ம பழுப்பு நிலக்கரியை வெட்டியெடுக்க நெய்வேலி நிறுவனம் பிறந்தது.

ஆலைச் சாயம் மலிவு, நிறமும் பலவகை. ஆனால் அதன் கழிவு வயலுக்கு எருவாகாது. திருப்பூரைப் பாருங்க. பனியன் துணியில் சாயம் பிடிக்க உப்பு நிறைய வேண்டும். அந்தத் தண்ணீர் நொய்யலில் கலந்தது. பாசனத்துக்கென்று 1992-இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவு தேங்கும் குட்டையாகிப் போச்சு. கிணறு கெட்டது, மண் உப்பேறியது. விவசாயிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே விடக்கூடாது என்ற விதியை நிறைவேற்றாத சாயப்பட்டறைகளை மூடும்படி 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. அதற்குப் பிறகு தண்ணீரைச் சுத்தம் பண்ணித் திரும்பப் பயன்படுத்தும் முறை அங்கே ஊன்றியது. உப்பையும் பிரித்தெடுத்து மறுபடி சாயத்துக்கே சேர்க்கிறார்கள். ஆனாலும் கடைசியில் மிஞ்சும் கசடை எங்கே கொட்டுவது என்பது பெரிய தலைவலிதான்.

இப்போ கழிவில்லாத துணி வேண்டும் என்று உலகம் கேட்கிறது. திண்டிவனம் வட்டாரத்தில் அவுரி பயிராகி, நீலம் எடுக்கவும் செய்கிறார்கள். ஊருக்கெல்லாம் உடுத்த அது போதாது. ஆனால் வழி தெரிகிறது. உங்களிடம் யாராவது அவுரி விதையோடு வந்தால், சம்பாரணை நினைச்சுக்குங்க. என்ன விலை, யார் வாங்குவது என்பதை முதலில் எழுத்தில் வாங்குங்க. விலை படியாவிட்டால் பூக்கும் பருவத்தில் மடக்கி உழுதுவிடலாம்; தழையுரம் மிச்சம்.

ஒரு சாயப்பட்டறை உங்க ஊருக்கு வந்தால், என்ன நிறம் போடுகிறாய் என்று கேட்காதீங்க. கழுவின தண்ணீர் எங்கே போகும் என்று கேளுங்க. துணி கட்டுகிறவர் ஒரு ஊர்; அழுக்குத் தண்ணீர் வந்து சேர்வது நம்ம வாய்க்கால்.