மன்னாரில் பல சட்டம், ஒரே திறைசேரி

அமெரிக்காவில் மாநில எல்லையைத் தாண்டினால் சட்டமும் வரியும் கூடவே மாறுகின்றன. ஒரிகனில் விற்பனை வரி இல்லை. பக்கத்துக் கலிபோர்னியாவில் உண்டு. மணவாழ்வில் தேடிய சொத்து கணவன், மனைவி இருவருக்கும் பொது என்ற விதி கலிபோர்னியா, டெக்சாஸ் உட்பட 9 மாநிலங்களில் செல்லும், நியூயோர்க்கில் செல்லாது. இரண்டையும் தீர்மானிப்பது பெரும்பாலும் அந்தந்த மாநிலச் சட்டமன்றம். இலங்கையின் மன்னாரிலும் சட்டம் ஒன்றல்ல. ஆனால் இங்கே வேறுபாட்டை எழுத்தில் வகுத்ததும், திருத்துவதும், வரி எடுப்பதும் வெளியிலுள்ள அதிகாரமே. மன்னாரின் சட்டப் பன்மையைத் தன்னாட்சியின் அடையாளமாகக் கொள்வது அதனால் பிழை.

வரலாறு இதற்குச் சான்று. 1658இல் மன்னாரைப் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்த ஒல்லாந்தர், அதை யாழ்ப்பாணப் பட்டினத்தோடு சேர்த்தே ஆண்டனர். ஒல்லாந்த ஆளுநர் சைமன்ஸ் பணித்தபடி அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்த, யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமை, 12 முதலியார்கள் பார்த்து ஒப்பிய பின் 1707இல் நடைமுறைக்கு வந்தது. வயலும் தோட்டமும் ஒற்றியும் அடிமையும் பேசப்படும் அத்தொகுப்பில் தெரிவது குடாநாட்டு வேளாண் சமூகத்தின் முகம், மன்னார்க் கரைவலைக்காரரின் முகமன்று. ஆங்கிலேயர் 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க ஒழுங்குவிதியால் அதற்கு முழுச் சட்டவலு அளித்தனர். அதே ஆண்டில் கொழும்பு முஸ்லிம்களுக்கென வந்த தொகுப்பு, 1852இல் இலங்கை முழுவதற்கும் விரிந்தது. ஆக, மன்னார்த் தீவின் இரு பெரும் சமூகங்களும் வேறு ஊர்களில் எழுதப்பட்ட சட்டங்களுக்குள் வந்து சேர்ந்தன.

இதன் விளைவைக் காணி விற்பனையில் பார்க்கலாம். தேசவழமைக்கு உட்பட்ட, மன்னார்த் தீவின் பேசாலைப் பெண்ணொருத்தி தன் சீதனக் காணியை விற்க, 1911ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டப்படி கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். அவன் மறுத்தால் மாவட்ட நீதிமன்றத்தை நாட வேண்டும். எருக்கலம்பிட்டி முஸ்லிம் பெண்ணுக்கு இத்தடை இல்லை. மலையகப் பின்னணியுள்ள பெண்ணுக்கும் இல்லை. ஆனால் தேசவழமைக்குரிய ஆணை மணந்தால் அவளும் அதற்குள் வந்துவிடுவாள். மூவரும் ஒரே நொத்தாரிசிடம் உறுதி முடிக்கலாம். முத்திரைவரி மட்டும் ஆள் பார்ப்பதில்லை.

வரி இங்கே என்றும் மேலேயே போயிற்று. மரிச்சுக்கட்டி முத்துக்குளிப்பில் கரைக்கு வந்த சிப்பியைக் கொட்டு எனப்பட்ட அடைப்பில் மூன்று குவியலாக்கினார்கள். இரண்டு அரசுக்கு, ஒன்று குளியாட்களுக்கு. அரசின் பங்கு ஏலத்தில் போய்ப் பணமாகிக் கொழும்பைச் சேர்ந்தது. 1906இல் அக்கொட்டில் கடமை பார்த்தவர்களில், பின்னாளில் எழுத்தாளராகப் பெயர்பெற்ற லெனார்ட் வுல்ஃபும் ஒருவர். அதே ஆண்டில் முத்துப்பார்கள் லண்டன் நிறுவனமொன்றுக்கு 20 ஆண்டுக் குத்தகைக்குக் கொடுக்கப்பட்டன. கடல் மன்னாருடையது, பேரம் மன்னாரில் நடக்கவில்லை.

தேசவழமை உறைந்து கிடக்கவில்லை, 1911இலும் 1947இலும் திருத்தப்பட்டதே என்று மறுக்கலாம். உண்மைதான், தேடிய தேட்டம் எனப்படும் மணவாழ்வுச் சொத்தின் வரையறையே அத்திருத்தங்களால் மாறியது. ஆனால் திருத்திய சபை கொழும்பில் இருந்தது. எல்லோருக்கும் ஒரே சட்டம் வந்தால் பெண்களுக்கு நீதி கிடைக்கும் என்பது வலுவான இரண்டாவது மறுப்பு. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 16ஆம் உறுப்புரை, அடிப்படை உரிமைகளுக்கு முரணாயினும் பழைய சட்டங்கள் செல்லும் என்கிறது. சம்மத விதி நிலைப்பதற்கு மன்னாரின் பிடிவாதத்தைவிட அந்த உறுப்புரையே பெரிய காரணம். அவ்விதியை நீக்கப் பன்மை முழுவதையும் அழிக்கத் தேவையில்லை. 1987இன் 13ஆம் திருத்தம் இந்நிலையை மாற்றிவிட்டது என்பாரும் உண்டு. காணிக் கைமாற்ற முத்திரைவரி மாகாணத்துக்குக் கிடைத்தது. ஆனால் தனியாள் சட்டம் மாகாணப் பட்டியலில் இல்லை. கிடைத்த சிறு வரியதிகாரத்தைப் பயன்படுத்தவும் மக்கள் தெரிவுசெய்த சபை வேண்டும். 2013இல் தெரிவான முதல் வடமாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்த பின், ஆளுநரே நிர்வாகத்தை ஏற்றார். பேசாலைப் பெண்ணின் உறுதியில் கணவன் கையெழுத்து வேண்டுமா என்பதை முடிவுசெய்யும் இடம் இன்றும் மன்னாருக்கு வெளியேயுள்ள நாடாளுமன்றம்தான்.