ஆளுக்கேற்ற மருத்துவம்

நோயின் பெயரோடு நின்றுவிடாமல், நோய் கண்ட ஆளையும் பார்த்து மருந்தையும் அளவையும் முடிவு செய்வது ஆளுக்கேற்ற மருத்துவம். ஏறத்தாழ எல்லா மருத்துவ முறைகளிலும் இது உண்டு. ஆளை ஆளிடமிருந்து எதைக் கொண்டு பிரிக்கிறார்கள், அந்தப் பிரிவினை சோதனையில் தேறியதா என்பவற்றில்தான் அவை வேறுபடுகின்றன.

இதையே உயிர்நாடியாக வைத்திருப்பது ஹோமியோபதி. ஜெர்மானிய மருத்துவர் சாமுவேல் ஹானிமன் (1755–1843) 1810-இல் வெளியிட்ட ‘ஆர்கனான்’ நூலில், நோயாளியை விசாரிக்கும் முறைக்கே நீண்ட பகுதி ஒதுக்கியிருக்கிறார். நோயாளி பேசும்போது குறுக்கிடக் கூடாது. ஆம், இல்லை என்று பதில் வரும்படி கேட்கவும் கூடாது. தாகம், உறக்கம், அச்சம், வலி கூடும் நேரம், தணியும் நிலை என யாவும் குறிகளாகும். மூக்குநீர் எரிச்சல் தந்து, கண்ணீர் எரியாமல் வழியும் சளிக்கு வெங்காயத்திலிருந்து செய்யும் அல்லியம் சீபா. கண்ணீர் எரிந்து மூக்குநீர் எரியாவிட்டால் யூஃப்ரேசியா. காய்ச்சலில் அசையாமல் கிடக்க விரும்புபவருக்கு பிரையோனியா. புரண்டு படுத்தால்தான் வலி தணிகிறது என்பவருக்கு ரஸ் டாக்ஸ். குறியிலிருந்து மருந்தைத் தேட, அமெரிக்க மருத்துவர் ஜேம்ஸ் டைலர் கென்ட் தொகுத்தது போன்ற மருந்துகாண் ஏடுகள் உண்டு.

கொள்ளைநோய் என்றால் மட்டும் இந்தக் கட்டு தளரும். பலரிடம் கண்ட குறிகளைத் தொகுத்து ஊருக்கே ஒரு மருந்து தேர்வர். ஹானிமனும் அதற்கு இடம் தந்திருக்கிறார். 2020 ஜனவரியில் இந்திய ஆயுஷ் அமைச்சகம் கொரோனா தடுப்புக்கென ஆர்சனிகம் ஆல்பம் 30 என்ற ஹோமியோபதி மருந்தைப் பொதுவாகப் பரிந்துரைத்தது. நோயாளியின் கனவைக்கூடக் கேட்கும் ஒரு முறைக்கு இது விசித்திரமான பொதுமைதான்.

சித்த மருத்துவம் வாதம், பித்தம், கபம் என்ற முக்குற்றங்களின் ஏற்றத்தாழ்வை நாடி, நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம், தொடுவுணர்வு என்ற எண்வகைத் தேர்வால் அறிகிறது. காலைச் சிறுநீரில் ஒரு துளி நல்லெண்ணெய் விட்டு, அது பாம்பாக நீண்டால் வாதம், மோதிரமாக விரிந்தால் பித்தம், முத்தாக நின்றால் கபம் என்பது நெய்க்குறி. மருந்து ஒன்றாகவே இருந்தாலும் அதோடு சேர்த்துத் தரும் அனுபானம் தேன், நெய், பால், வெந்நீர் என மாறும். ஆயுர்வேதம் பிரகிருதி எனும் உடலியல்பையும், யூனானி மிசாஜ் எனும் உடல்வாகையும் பார்க்கின்றன.

நவீன மருத்துவம் எடை, வயது, சிறுநீரகத்தின் திறன் ஆகியவற்றைப் பார்த்து அளவை மாற்றுவது பழைய வழக்கம். 1950-களில் மலேரியா மருந்தான பிரைமாகுயின் சிலருக்கு மட்டும் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைப்பதன் காரணம் தெரிந்தது: அவர்களிடம் ஜி6பிடி என்ற நொதி குறைவு. வலிப்புக்குத் தரும் கார்பமாசெபைன் சிலருக்குத் தோலை உரித்து உயிரையே பறிக்கலாம். அந்த ஆபத்துக்கும் எச்.எல்.ஏ-பி 15:02 என்ற மரபணு வகைக்கும் உள்ள தொடர்பை 2004-இல் தைவான் ஆய்வாளர்கள் கண்டனர். மார்பகப் புற்றுக்கான டிராஸ்டுசுமாப், ஹெர்2 புரதம் மிகுந்த கட்டிகளுக்கே உரியது. இங்கெல்லாம் யாருக்குப் பலன், யாருக்குக் கேடு என்பதை முன்கூட்டியே அளந்து சொல்ல முடிகிறது. தவறினால் தவறு வெளிப்படும்.

ஆளுக்கு ஆள் மருந்து மாறுவதால் ஹோமியோபதியைச் சோதிக்கவே முடியாது என்ற வாதம் நிற்காது. சோதனையிலும் மருத்துவர் தம் வழக்கப்படியே ஆளைப் பார்த்து மருந்தைத் தேர்வார். நோயாளிக்குப் போவது அந்த மருந்தா வெற்று உருண்டையா என்பது மருத்துவருக்கும் தெரியாது. இவ்வகைச் சோதனைகளைத் தொகுத்த 2014 ஆய்வொன்று சிறு பலன் தெரிவதாகச் சொன்னாலும், சான்றுகளின் தரம் குறைவு என்றும் எச்சரித்தது. ஆஸ்திரேலிய தேசிய மருத்துவ ஆய்வுக் குழு 2015-இல், எந்த நோய்க்கும் ஹோமியோபதி பலன் தருவதாக நம்பகமான சான்று இல்லை என்றது. 30-ஆம் வீரியத்தில், ஒன்றுக்கு நூறாக முப்பது முறை நீர்த்தபின், மூலப்பொருளின் ஒரு மூலக்கூறுகூட எஞ்ச வாய்ப்பில்லை.

இருந்தும் பலர் தேறியதாகச் சொல்கிறார்கள். முடக்குவாத நோயாளிகளிடம் பிரிட்டனில் நடந்து 2011-இல் வெளியான ஓர் ஆய்வு, மருந்தையும் விசாரணையையும் தனித்தனியே பிரித்துப் பார்த்தது. பலன் காணப்பட்டது நீண்ட விசாரணையில், உருண்டையில் அல்ல.