வீரமும் விதியும்

ஒரகடத்துத் தொழிற்சாலையொன்றில் பணிபுரியும் என் பழைய மாணவன், பொங்கலுக்கு மதுரைப் பக்கத்துத் தன் ஊருக்குப் புறப்படுமுன் என்னைக் காண வந்தான். “ஐயா, விதிகள் பெருகப் பெருக ஜல்லிக்கட்டில் வீரம் எங்கே?” என்று வினவினான்.

வரலாற்றையே விடையாகக் கூறினேன். ஏறு தழுவிய ஆயர்தம் வீரத்தைப் பாடும் முல்லைக்கலி, கொம்பு பட்டுச் சிந்திய குருதியையும் மறைக்கவில்லை. இவ்விளையாட்டை முறைப்படுத்த 2009-இல் தமிழக அரசு சட்டம் இயற்றியது. 2014-இல் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. 2017-இல் மெரினாவில் இளைஞர் திரண்டனர். விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தில் தமிழகம் திருத்தம் செய்தது. அத்திருத்தம் செல்லும் என 2023-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

பிற நாட்டிலும் இவ்வழக்கு உண்டு. வட அமெரிக்கத் தொழில்முறைப் பனி ஹாக்கியில் கைகலப்புக்கு ஐந்து நிமிட விலக்கே தண்டனை. 1922-இல் பிறந்த விதி அது. ஒலிம்பிக்கிலோ, கைகலந்தவன் அந்த ஆட்டத்தினின்றே நீக்கப்படுகிறான். அதனால் ஆட்டத்தின் சுவை குன்றிவிடவில்லை.

“தம்பி, திமிலைத் தழுவுவது வீரம், வாலை முறுக்குவது கொடுமை. வாலைப் பற்றலாகாது என்பதே இன்றைய விதி. உன் தொழிற்சாலையில் தலைக்கவசம் அணிபவன் கோழையா?” என்றேன். அவன் நகைத்தான்.

விதி வீரத்துக்குப் பகையன்று, வேலியே ஆகும்.