நியாயமான அளவில் ஒரு வேட்டைத் துப்பாக்கி

போன டிசம்பரில் டெக்ஸஸில் இருக்கும் என் பள்ளி நண்பன் போன் பண்ணினான். மயிலாப்பூரில் பத்து வருஷம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் நாங்கள். அவன் இப்போது அமெரிக்கக் குடிமகன். நவம்பர் பிறந்தால் மான் வேட்டைக்குக் கிளம்பிவிடுகிற ஆள்.

"டேய், அடுத்த தடவை வரும்போது என் ரைஃபிளையும் எடுத்துட்டு வரலாமாடா? பெட்டியில போட்டுப் பூட்டி, ஏர்லைன்ஸ்ல முன்னாடியே சொல்லிட்டா ஏத்திப்பாங்க. கனடாவுக்கு அப்படித்தான் கொண்டு போனேன்."

"மெட்ராஸ்ல எதைடா சுடப் போற, காக்காவையா?" என்று கேட்டுச் சிரித்துவிட்டு வைத்துவிட்டேன். ஆனால் கேள்வி மண்டைக்குள் உட்கார்ந்துகொண்டது. சட்டம் என்னதான் சொல்கிறது என்று பார்க்கலாமே என்று 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தை எடுத்தேன். அதன் 10ஆம் பிரிவுதான் நாட்டுக்குள் ஆயுதம் கொண்டுவருவதையும் வெளியே எடுத்துப் போவதையும் பற்றியது. அரைப் பக்கத்தில் முடிந்துவிடும் என்று நினைத்தேன். அது என்னை 1878 வரை இழுத்துக்கொண்டு போய்விட்டது.

லிட்டன் காலத்துச் சட்டம்

வைஸ்ராய் லிட்டன் காலத்தில் 1878இல் இரண்டு சட்டங்கள் வந்தன. ஒன்று நம்ம மொழிப் பத்திரிகைகளின் வாயைக் கட்டியது. மற்றொன்று ஆயுதச் சட்டம். பத்திரிகைச் சட்டத்தை ரிப்பன் 1882இல் எடுத்துவிட்டார். ஆயுதச் சட்டம் எண்பது வருஷத்துக்கு மேல் நின்றது.

அந்தச் சட்டத்தின் 6ஆம் பிரிவு இப்படிப் போகிறது. உரிமம் இல்லாமல் யாரும் கடல் வழியாகவோ தரை வழியாகவோ பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் ஆயுதம் கொண்டுவரக் கூடாது, வெளியே எடுத்துப் போகவும் கூடாது. உடனே ஒரு விதிவிலக்கு: சட்டப்படி ஆயுதம் வைத்துக்கொள்ளத் தகுதியுள்ளவர், தன் சொந்த உபயோகத்துக்கு, நியாயமான அளவில் கொண்டுவரலாம். சந்தேகம் வந்தால் சுங்கக் கலெக்டர் அதைப் பிடித்து வைத்துக்கொண்டு மாகாண அரசின் உத்தரவுக்குக் காத்திருக்கலாம்.

படிக்க நியாயமாகத்தான் இருக்கிறது. விஷயம் "தகுதியுள்ளவர்" என்ற ஒரு சொல்லில் இருக்கிறது. அந்தத் தகுதியைத் தீர்மானித்தது சட்டத்தின் கீழ் வந்த விலக்குப் பட்டியல். ஐரோப்பியர்களுக்கும் அன்று யுரேஷியர் என்று சொல்லப்பட்டவர்களுக்கும் உரிமமே வேண்டாம். இந்தியர்களில் பெரும்பாலோருக்கு வேண்டும். நிரல் எழுதுகிறவர்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னால், விதி எல்லாருக்கும் ஒன்றுதான். ஆனால் அது கூப்பிடுகிற ஒரு சின்ன ஃபங்ஷன் ஆளின் இனத்தைக் கேட்டுவிட்டுத்தான் பதில் சொல்கிறது.

1880ஐ ஒட்டிய வருஷங்களில் மெட்ராஸில் இது எப்படி நடந்திருக்கும்? துறைமுகம் முழுசாக உருவாகாத காலம். கப்பல் தூரத்தில் நிற்கும். மசூலா படகில் அலையைத் தாண்டிக் கரைக்கு வர வேண்டும். நீலகிரிக்குக் காட்டெருமை, புலி சுடப் போகும் வெள்ளைக்கார அதிகாரி தன் இரட்டைக்குழல் ரைஃபிளோடு இறங்குகிறார். அவர் தகுதியுள்ளவர், அளவும் நியாயமானது. கடந்து போய்விடலாம். அதே கப்பலில் அதே துப்பாக்கியோடு வந்த இந்திய வியாபாரியிடம் முதல் கேள்வியே உரிமம் எங்கே என்பதுதான்.

துப்பாக்கியைச் சீமையிலிருந்துதான் கொண்டுவர வேண்டும் என்றும் இல்லை. மவுண்ட் ரோட்டில் கடிகாரத்துக்குப் பெயர்போன பி. ஆர் அண்ட் சன்ஸ் துப்பாக்கியும் விற்றது. கடையின் பெயரோடு "மெட்ராஸ், ரங்கூன்" என்று பொறித்த வேட்டைத் துப்பாக்கிகள் வெளிநாட்டு ஏலங்களில் இப்போதும் தலைகாட்டுகின்றன.

ரங்கூன் அன்று நமக்கு வெளிநாடு இல்லை. 1937 ஏப்ரல் 1 வரைக்கும் பர்மா, பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு பகுதி. அப்படியானால் மெட்ராஸில் வாங்கிய துப்பாக்கியை ரங்கூனுக்கு எடுத்துப்போவது உள்நாட்டுப் பயணம்தானே? இல்லை. 6ஆம் பிரிவுக்கு ஒரு விளக்கம் சேர்த்திருந்தார்கள். பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு பகுதியிலிருந்து இன்னொரு பகுதிக்குக் கடல் வழியாகவோ, நடுவில் வேறு ஆட்சியின் நிலத்தைக் கடந்தோ ஆயுதம் போனால், அது வெளியே போய் உள்ளே வந்ததாகவே கணக்கு. ஆக, ஆயுதத்தைப் பொறுத்தவரை எல்லைக்கோடு மெட்ராஸ் கடற்கரையிலேயே ஓடியது.

ஆயிரம் விளக்கில் ஒரு தீர்மானம்

இந்தப் பாகுபாட்டை எதிர்த்த முக்கியமான குரல்களில் ஒன்று எழுந்தது நம்ம ஊரில்தான். 1887 டிசம்பரில் காங்கிரஸின் மூன்றாவது மாநாடு ஆயிரம் விளக்குப் பகுதியில் மக்கீஸ் கார்டனில் நடந்தது. தலைவர் பத்ருதீன் தயாப்ஜி, வரவேற்புக் குழுத் தலைவர் சர் டி. மாதவ ராவ், 607 பிரதிநிதிகள். அங்கே நிறைவேறிய தீர்மானங்களில் ஒன்று ஆயுதச் சட்டத்தைத் திருத்தச் சொன்னது. சட்டத்தால் வரும் கஷ்டத்தை அது சொன்னது. கூடவே, இந்த நாட்டு மக்கள் மேல் அது தகாத களங்கத்தைச் சுமத்துகிறது என்றும் சொன்னது.

எனக்கு அந்த இரண்டாவது காரணம்தான் முக்கியமாகப் படுகிறது. கஷ்டம் என்பது கிராமத்து விஷயம். ராத்திரியில் பன்றி வந்து வயலைக் கிளறினால் விரட்ட ஒரு நாட்டுத் துப்பாக்கிக்குக்கூட உரிமம் வேண்டும். களங்கம் வேறு. உன்னை நம்ப மாட்டேன் என்று அரசு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது அது. படித்த வக்கீலுக்கும் பட்டம் பெற்ற ஆசிரியருக்கும் உறைத்தது அதுதான்.

உடனே ஒன்றும் மாறவில்லை. 1920இல் வந்த ஆயுத விதிகளில்தான் இனப் பாகுபாடு ஏட்டளவில் போனது. அதற்குப் பிறகும் மனக்குறை தீரவில்லை. 1930இல் உப்பு யாத்திரைக்கு முன்னால் காந்தி இர்வின் முன் வைத்த 11 கோரிக்கைகளில் கடைசி ஒன்று, தற்காப்புக்கு ஆயுத உரிமம் தர வேண்டும் என்பது. அகிம்சைக்காரர் இதை ஏன் கேட்டார் என்று ஆச்சரியப்படுகிறவர்கள் 1887 தீர்மானத்தில் இருக்கும் அந்தக் களங்கம் என்ற சொல்லைப் பார்க்கலாம்.

.450 என்ற எண்

ஆளைப் பார்த்து வடிகட்டிய அரசு, ஒரு தடவை துப்பாக்கியையும் பார்த்து வடிகட்டியது. அந்தக் கதை சுவாரசியமானது.

பிரிட்டிஷ் ராணுவம் 1871இல் ஏற்றுக்கொண்ட மார்ட்டினி-ஹென்றி ரைஃபிளின் குழல் விட்டம் .450, அதாவது ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 450 பங்கு. ராணுவம் அடுத்த தலைமுறைத் துப்பாக்கிக்கு மாறிய பிறகும் பழைய மார்ட்டினிகள் திருட்டிலும் கள்ளச் சந்தையிலும் வடமேற்கு எல்லைப் பக்கம் புழங்கின. அதே நேரம் 1898இல் லண்டன் ரிக்பி கம்பெனி, யானை மாதிரி பெரிய மிருகங்களுக்கு என்று புகையில்லா மருந்தில் ஒரு தோட்டா கொண்டுவந்தது. அதுவும் .450.

இரண்டு தோட்டாக்களும் ஒன்றுக்கு ஒன்று அப்படியே பொருந்தாது. ஆனால் குண்டு ஒரே விட்டத்தை ஒட்டியது. வேட்டைக்கு என்று வரும் சரக்கு கலகக்காரன் கையில் இருக்கும் மார்ட்டினிக்குத் தீனியாகிவிடும் என்ற பயம் அரசுக்கு. இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டிலேயே .450 ரைஃபிளும் தோட்டாவும் இந்தியாவுக்குள்ளும் சூடானுக்குள்ளும் வரக் கூடாது என்று தடை போட்டார்கள்.

லண்டன், பர்மிங்ஹாம் துப்பாக்கிக் கம்பெனிகளுக்கு இந்தியா பெரிய சந்தை. அதை விட மனசு வருமா? ஆளாளுக்கு எண்ணைக் கொஞ்சம் நகர்த்தினார்கள். ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் 1907இல் .500/465 கொண்டுவந்தது. .470, .475, .476 என்று வரிசையாகப் புதுப் புது அளவுகள் புழக்கத்துக்கு வந்தன. மிருகத்துக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. வித்தியாசம் இறக்குமதித் தாளில் மட்டும்தான்.

போர்ட் 80ஐ மூடினால் 8080இல் ஓட்டுகிற வேலைதான் இது. தடை போன பிறகும் அந்த எண்கள் போகவில்லை. ஆப்பிரிக்காவில் இன்றைக்கும் .470 பிரபலமான பெரிய ரைஃபிள்களில் ஒன்று. அங்கே அதைத் தோளில் மாட்டித் திரிகிறவர்களில் எத்தனை பேருக்கு, அந்த எண்ணின் பின்னால் இந்தியச் சுங்க விதி ஒன்று இருப்பது தெரியும்?

பழைய கோட், புது வெர்ஷன்

சுதந்திரத்துக்குப் பிறகு 1959இல் புது ஆயுதச் சட்டம் இயற்றி, 1962 அக்டோபரில் அமலுக்குக் கொண்டுவந்தார்கள். ஒரு தேசத்தையே நிராயுதபாணி ஆக்க எழுதிய 1878 சட்டத்தைச் சுதந்திர நாட்டுக்கு ஏற்ப மாற்றுகிறோம் என்பது நோக்கம். இன விலக்குப் பட்டியல் போயிற்று. நல்ல விஷயம்.

ஆனால் 10ஆம் பிரிவை 1878இன் 6ஆம் பிரிவோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். "நியாயமான அளவில்" அப்படியே இருக்கிறது. "தன் சொந்த உபயோகத்துக்கு" இருக்கிறது. சந்தேகம் வந்தால் சுங்க அதிகாரி பிடித்து வைப்பதும் இருக்கிறது, உத்தரவு மட்டும் மத்திய அரசிடமிருந்து. ரங்கூன் காலத்து விளக்கம்கூட, கடலோடு "வான்வழி" என்று ஒரு சொல் சேர்ந்து, அப்படியே உட்கார்ந்திருக்கிறது. எழுத்துக்கு எழுத்துப் படித்தால், சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்குக் கப்பலில் துப்பாக்கி எடுத்துப் போகிறவர் இந்தியாவை விட்டு வெளியே போய் உள்ளே வருகிறார்.

புதிதாக ஒன்று சேர்ந்தது. மத்திய அரசு குறிப்பிடும் நாட்டைச் சேர்ந்த உண்மையான சுற்றுலாப் பயணி, அவர் நாட்டுச் சட்டம் தடுக்காவிட்டால், உரிமம் இல்லாமலே, விதிக்கப்பட்ட நிபந்தனைகளின்படி, விளையாட்டுக்கு மட்டும் ஆயுதம் கொண்டுவரலாம். சுற்றுலாப் பயணி என்றால் யார்? இந்தியக் குடிமகன் அல்லாதவர், ஆறு மாதத்துக்கு மேல் தங்காமல் பொழுதுபோக்கு, ஊர் பார்ப்பது மாதிரி காரியங்களுக்கு வருகிறவர்.

ஏன் இப்படி? ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் ஷிகார் கம்பெனிகள் புலி சுட அமெரிக்கர்களை இங்கே அழைத்து வந்துகொண்டிருந்தன. அந்நியச் செலாவணி தட்டுப்பாடாக இருந்த நாட்டுக்கு டாலரோடு வரும் வேட்டைக்காரர் வேண்டியிருந்தார். 1878இல் வாசல் திறந்தது ஆள்கிறவனுக்கு. 1959இல் திறந்தது விருந்தாளிக்கு.

அந்த விருந்து ரொம்ப நாள் நீடிக்கவில்லை. 1970இல் புலி வேட்டைக்குத் தடை. 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம். அதிலும் முதலில் சில மிருகங்களுக்கு வேட்டை உரிமம் தர வழி இருந்தது. 1991 திருத்தத்தில்தான் அந்தக் கதவும் மூடியது. சுடுவதற்கு ஒன்றும் இல்லை, ஆனால் சுட வருகிறவருக்கான வரி சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. எங்கள் தொழிலில் இதை டெட் கோட் என்போம். யாரும் கூப்பிட மாட்டார்கள், எடுக்கவும் பயப்படுவார்கள்.

இந்தியா வழியாகப் போய்த் திரும்பிய ஒரு துப்பாக்கியின் கதை இதற்குப் பொருத்தம். சம்பாவத் புலியைச் சுட்டதற்காக ஜிம் கார்பெட்டுக்கு 1907இல் பரிசாகக் கிடைத்த .275 ரிக்பி ரைஃபிள், 1947இல் அவரோடு கென்யா போனது. அவர் 1955இல் காலமான பிறகு இங்கிலாந்து போய், கடைசியில் அதைச் செய்த ரிக்பி கம்பெனியிடமே சேர்ந்தது. 2016இல் கார்பெட் வாழ்ந்த குமாவுன் பக்கத்துக்கு அதைக் கொண்டுவந்து ஊர்க்காரர்களுக்குக் காட்டினார்கள். வேட்டைக் கருவியாகப் போனது, காட்சிப் பொருளாக வந்தது.

நண்பனுக்குச் சொன்ன பதில்

இதையெல்லாம் படித்து முடித்துத்தான் அவனைக் கூப்பிட்டேன். "சட்டத்துல உனக்குன்னு ஒரு வரி இருக்குடா. ஆனா அதை நம்பிப் பெட்டியைத் தூக்கிட்டு வந்துடாதே. மீனம்பாக்கத்துல கஸ்டம்ஸ்காரர்கிட்ட 1959னு ஆரம்பிச்சேன்னா லீவு முழுக்க அங்கதான். இன்னிக்கு இறக்குமதி விதியில பெயர் பெற்ற துப்பாக்கிச் சுடும் வீரர்களுக்குத்தான் சலுகை."

அவன் கேட்டான்: "எனக்குன்னு இருக்குன்னா, உனக்கு இல்லையா?"

எனக்கும் வழி இருக்கிறது, இந்திய உரிமம் கையில் இருந்தால். விளையாட்டுக்கு என்று உரிமமே இல்லாமல் கொண்டுவரும் வழி மட்டும் என் பெஞ்சில் உட்கார்ந்து வேறு பாஸ்போர்ட் எடுத்தவனுக்குத்தான். 1887இல் மக்கீஸ் கார்டனில் கூடியவர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்களா, கோபப்படுவார்களா?

எனக்குத் துப்பாக்கி வேண்டாம். வேட்டை மூடியதில் சந்தோஷம்தான். பன்றி வயலைக் கிளறும் கதை மட்டும் முடியவில்லை. 2025 ஜனவரியில் தமிழக அரசு, காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளை வனத்துறையினர் சுடலாம் என்று அறிவித்தது. விவசாயி பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். அது சரியா தவறா என்பது தனி விவாதம். யார் கையை நம்புவது என்ற கேள்வி மட்டும் பழையது.

நண்பன் ஜனவரியில் வந்தான், கேமராவோடு. கிண்டிக்குக் கூட்டிப் போனேன். ஒரு காலத்தில் துரைமார்கள் வேட்டையாடிய காடு அது. புள்ளிமான்கள் எங்களைப் பார்த்தும் பார்க்காத மாதிரி மேய்ந்துகொண்டிருந்தன.

உங்கள் வீட்டுப் பரணில் தாத்தா காலத்துத் துப்பாக்கி உரிமப் புத்தகம் இருந்தால், அதில் சுங்க முத்திரை ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். ரங்கூன் முத்திரை என்றால் நேரிலேயே வந்து பார்க்கிறேன்.